தனுஷ்கோடிக்கு முதல்முறை போகிறீர்களா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய்வருகிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் நேராகச் சாலை முடியும் அரிச்சல்முனை வரை போவார்கள், நான்முகச் சிங்கத் தூணின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், கடலில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வழியில் இருந்த ஊரும், அதைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பும் கார் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். அப்படிப் போவதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அரை நாள் ஒதுக்க முடிந்தால் இந்த மணல் முனை உங்களுக்குக் காட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருக்கிறது. அந்த அரை நாளை எப்படிச் செலவிடுவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடி ஒரு கல்லறை. அங்கே நடுகல் இல்லை, பெயர் பொறித்த பலகைகள் இல்லை, வரிசையான குழிகள் இல்லை. ஆனால் 1964-இல் ஒரே இரவில் மாண்ட மனிதர்களில் பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. அவர்கள் அந்த மணலிலும் அதன் இரு பக்கக் கடலிலும்தான் இருக்கிறார்கள். அதே இடம் இன்று பறவைகளின் வீடு. 2025 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், தமிழ்நாடு அரசு இங்கே சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயமாக அறிவித்தது. ஆக, நீங்கள் போகும் இடம் இடுகாடும் சரணாலயமும் சேர்ந்த ஒன்று. இடுகாட்டுக்குப் போனால் நாம் குரலைத் தாழ்த்துவோம், மெதுவாக நடப்போம், எதையும் மிதிக்காமல் போவோம், எதையும் எடுத்து வரமாட்டோம். பறவைகளும் நம்மிடம் கேட்பது இதே நான்கைத்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளதில் பாதியை நீங்களே செய்துவிடுவீர்கள்.

1. புறப்படும் முன் ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை தெரியாமல் போனால் அங்கே நாலு இடிந்த சுவர்தான் தெரியும். அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதோடு தனுஷ்கோடி துறைமுக ஊரானது. சென்னை எழும்பூரில் ஏறியவர் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து, அங்கேயே கப்பல் ஏறி, இலங்கையின் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போகலாம். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே டிக்கெட். இப்படிப் போகிறவர்களுக்காக ரயில் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, மருத்துவமனை, தேவாலயம், கடைகள், வீடுகள் எல்லாம் இந்த ஒடுங்கிய மணலின் மேல் எழுந்தன. இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன குடும்பங்களில் எத்தனையோ பேர் தாய்நாட்டில் கடைசியாக மிதித்த மண் இதுதான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. அந்தமான் பக்கம் உருவான புயல் இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. காற்றோடு கடலும் எழுந்து வந்தது. அலை ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் என்று பதிவுகள் சொல்கின்றன. பாம்பனிலிருந்து அன்றிரவு 11.55-க்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும் நேரத்தில் கடலுக்குள் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தார்கள். ஒருவரும் மீளவில்லை. புயல் தொட்ட இடங்களில் எல்லாமாகச் சேர்த்து மாண்டவர்கள் சுமார் 1,800 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்பின் அரசு இந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

எனக்கு இதில் நெஞ்சில் தைப்பது இன்னொன்று. அதே புயலில் பாம்பன் பாலமும் உடைந்தது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் வந்த குழு அதை 46 நாட்களில் சரிசெய்து ரயிலை ஓடவைத்தது. ராமேஸ்வரம் வரை ரயில் திரும்ப வந்தது. தனுஷ்கோடிக்கு வரவில்லை. தண்டவாளம் மண்ணுக்குள் போனது, ஊர் மறக்கப்பட்டது. அந்த மறதிக்குள்தான் பறவைகள் நிம்மதியாக இறங்கின.

2. மாதமும் நேரமும்

பூநாரைகளைப் பார்க்க வேண்டுமானால் தை, மாசி மாதங்கள் நல்லவை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. வடகிழக்கு மழை முடிந்து, ஆழமில்லாத நீர் தேங்கி நிற்கும் காலம் அது. வெயிலும் அப்போது பொறுக்கக்கூடியதாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் எச்சரிக்கையும் மாறி மாறி வரும். அந்த நாட்களில் போலீஸ் சாலையை அடைத்துவிடுவதும் உண்டு. சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கே மணல் கொதிக்கும்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கரையில் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். சாலையில் நின்றால் இரண்டும் தெரியும். பெண்கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும், ஆண்கடல் குமுறிக்கொண்டிருக்கும். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடலும் சீறும். 1964-இல் ஊரைத் தின்றதும் ஒரு மார்கழி வாடைக்காலம்தான். எந்தக் கடலையும் அதன் பெயரை வைத்து நம்பிவிட வேண்டாம்.

நேரம் என்று கேட்டால், விடிந்ததும் போய்விடுங்கள். காலை 6 மணி வாக்கில் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் வெயில் ஏறும் முன் பறவைகளையும், கூட்டம் வரும் முன் இடிபாடுகளையும் பார்த்துவிடலாம். பொழுது சாயும் வேளையில் உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த நேரக் கட்டுப்பாடு அவ்வப்போது மாறும். தங்கியிருக்கும் இடத்திலோ ஆட்டோ ஸ்டாண்டிலோ முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சேதுக் கரைக்கு ஆயிரக்கணக்கில் வருவார்கள். அதற்காகவே வருகிறீர்கள் என்றால் சரி. பறவைக்காக வருகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

3. எதை எடுத்துப் போவது

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நிழல் கிடையாது, அதனால் தொப்பியோ தலைத்துண்டோ கட்டாயம். பின்னால் வார் வைத்த செருப்பு போதும், ஆனால் வெறுங்கால் கூடாது. காரணம் 6-ஆம் பகுதியில் வருகிறது. பைனாகுலர் இருந்தால் எடுத்துவாருங்கள், இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இது இல்லாமல் போனால் பூநாரை உங்களுக்கு ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். குப்பைக்கு ஒரு பை. சில்லறைப் பணம், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் போன் வழியாகப் பணம் செலுத்துவது நிச்சயமில்லை.

ட்ரோன் வேண்டாம். இது நாட்டின் எல்லைக் கரை. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் சிக்கல் வரும். அதைவிடப் பெரிய காரணம், மேலே ஏதாவது வட்டமிட்டால் பறவைக் கூட்டம் அதைப் பருந்தென்று எண்ணி மொத்தமாக எழுந்துவிடும்.

4. போகும் வழி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். பஸ் எந்நேரமும் கிடைக்கும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபிறகு ரயிலும் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது. அங்கிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அரசுப் பேருந்து உண்டு, ஆட்டோ உண்டு, வாடகைக்கு ஸ்கூட்டரும் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், இரண்டு பேருக்கு ஸ்கூட்டர், குடும்பத்துக்கு ஆட்டோ. ஆட்டோ பேசும்போது "அரிச்சல்முனை போய் வர எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஒரு மணி நேரக் கணக்கில் விலை சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் நிற்க நிற்க அவருக்குக் கஷ்டம், உங்களுக்கும் அவசரம். "அண்ணே, கோதண்டராமர் கோயில் பக்கம் பறவை பார்க்கணும், பழைய ஊர்ல இறங்கி நடக்கணும், எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் ஆகும்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

முகுந்தராயர் சத்திரம் வரைதான் முன்பு தார்ச் சாலை. அதற்கு மேல் மீன் ஏற்றும் வண்டிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017 ஜூலையில் அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. சாலை வந்தது நல்லதுதான். வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் இப்போது வர முடிகிறது. கூடவே வேகமும் வந்துவிட்டது. இந்தச் சாலையில் தயவுசெய்து மெதுவாக ஓட்டுங்கள். நேரான சாலை என்பதால் கை தானாக முறுக்கும். ஆனால் காற்றில் பறந்து வரும் மணல் திட்டுத்திட்டாகத் தார் மேல் கிடக்கும், இரு சக்கர வண்டி சறுக்கிவிடும். சாலையைக் கடக்கும் பறவையும் நாயும் ஆடும் வேறு இருக்கும்.

5. முதல் நிறுத்தம்: கோதண்டராமர் கோயில் நீர்ப்பரப்பு

பிரதான சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலையில் கோயில் இருக்கிறது. விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்பது நம்பிக்கை. 1964 புயலில் சுற்றியிருந்த எல்லாம் போனபோதும் இந்தக் கோயில் நின்றது. சாமி கும்பிட்டுவிட்டு, கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத தண்ணீரைப் பாருங்கள். அரை நாளில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடங்களில் இது ஒன்று.

வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்துங்கள். உடனே தண்ணீரை நோக்கி நடக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்தே ஐந்து நிமிடம் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

பூநாரை இருந்தால் எப்படி அடையாளம் காண்பது? கொக்கை விட, நாரையை விட உயரம். நீண்ட கால், நீண்ட கழுத்து, வெளிர் உடம்பு. தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பூநாரைதான். அந்த வளைந்த அலகுக்குள் சல்லடைபோல் தகடுகள் இருக்கின்றன. சேற்றைக் காலால் கலக்கி, நீரை நாக்கால் உள்ளிழுத்து வெளியே தள்ளி, சிக்கும் சின்னஞ்சிறு உயிர்களையும் பாசியையும் தின்னும். அந்த இரையில் இருக்கும் நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை குஞ்சுப் பருவம் தாண்டிய இளசுகள். நிறம் பிடிக்க அவற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். பறக்கும்போதுதான் சிறகின் உண்மையான சிவப்பும் கறுப்பும் தெரியும் என்பதால் சிலர் கைதட்டிக் கிளப்பிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள், செய்பவர்களையும் தடுங்கள். இந்தியாவில் பூநாரைகள் பெருமளவில் கூடுகட்டுவது குஜராத்தின் கட்ச் ரண்ணில். அங்கே திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை அவை சேர்த்துக்கொள்வது இதுபோன்ற நீர்ப்பரப்புகளில்தான். ஒவ்வொரு முறை கலைந்து எழும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் வீணாகிறது. காத்திருந்தால் தானாகவே எழுந்து பறக்கும். அதைப் பார்ப்பதில் இருக்கும் மகிழ்ச்சி வேறு.

அன்றைக்குப் பூநாரை இல்லை என்றால் ஏமாந்துபோக வேண்டாம். நீர் மட்டம் மாறினால் அவை வேறு பக்கம் போய்விடும். கரையோரம் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடும் சின்னப் பறவைகள் உப்புக்கொத்திகள். தண்ணீரின் மேல் மிதந்து நின்று நேராக உள்ளே விழுந்து மீனெடுப்பவை ஆலாக்கள். கூட்டமாக மணல்திட்டில் காற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பவை கடற்காகங்கள். செம்மண் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாக மேலே சுற்றுவது செம்பருந்து. குளிர்காலத்தில் இவற்றில் பல மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்தவை. சரணாலய அறிவிப்பின்போது 2023-24 கணக்கெடுப்பைச் சுட்டி, இங்கே 128 வகைப் பறவைகள் பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். முதல் நாளில் ஐந்து வகையை அடையாளம் கண்டால் போதும்.

சங்கப் பாட்டு ஒன்றில் பாண்டியரின் பழைய கோடி என்ற கடல்துறை வருகிறது. அதைத் தனுஷ்கோடி என்றே பலரும் கொள்கிறார்கள். அங்கே ஒரு ஆலமரத்தடியில் ராமன் ஆலோசனை நடத்தும்போது மரத்துப் பறவைகளின் ஒலியை அடக்கினான் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. ஆக, இந்த முனையில் பறவைக் கூச்சல் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. இப்போது அடங்க வேண்டியது நம் சத்தம்.

6. மணலும் அதைப் பிடித்து வைத்திருக்கும் செடிகளும்

கோயிலிலிருந்து பழைய ஊருக்குப் போகும் வழியில் மணல்மேடு தெரியும் இடத்தில் ஒருமுறை இறங்குங்கள். சவுக்கும் சீமைக் கருவேலமும் பிற்பாடு வந்தவை. இந்த மணலுக்கே உரியவை தரையோடு கிடக்கும்.

ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இலையோடு, ஊதாப் பூவோடு ஓடுவது அடம்பு. சங்கப் புலவர்கள் நெய்தல் பாட்டில் திரும்பத் திரும்பச் சொன்ன அடும்பு இதுவே. அதற்குப் பக்கத்தில் விறைப்பான, ஊசிமுனைப் புல் கொத்துக்கொத்தாக நிற்கும். அதற்கு ராவணன் மீசை என்று பெயர். சேதுக் கரையில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்! அதன் விதைக்கொத்து முள்ளுருண்டையாகக் கழன்று காற்றில் உருண்டு ஓடி, நின்ற இடத்தில் முளைக்கும். குழந்தைகள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். வெறுங்கால் கூடாது என்று சொன்னது இந்தப் புல்லின் முனைக்காகத்தான்.

இந்த இரண்டும் வேரால் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. இவை இல்லாத இடத்தில் காற்று மணலை வாரிச் சாலையில் கொட்டும், மேடு கரையும், அடுத்த புயல் அலைக்குத் தடுப்பு இருக்காது. அதனால் வண்டியை மணல்மேட்டில் ஏற்றாதீர்கள். இருக்கிற ஒற்றையடிப் பாதையிலேயே நடங்கள். சில உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் கூடு கட்டாமல் வெறும் மணலில் முட்டையிடும். முட்டையும் மணல் நிறமாகவே இருக்கும். ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, சிறகு ஒடிந்தது போல் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாலோ, பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று பொருள். வந்த வழியே பின்வாங்குங்கள்.

மணலில் சின்னக் குழி தோண்டி அதில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தால், அது ஊற்று. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் இந்த மணலில் நல்ல தண்ணீர் கிடைப்பது இப்படித்தான். மழைநீர் மணலில் இறங்குகிறது. உப்புநீரை விடக் கனம் குறைவு என்பதால் அதன் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. இரண்டு மூன்று அடி தோண்டினால் குடிக்கலாம், பேராசைப்பட்டு ஆழம் போனால் உப்பு ஏறிவிடும். இங்கே வாழும் மீனவக் குடும்பங்களின் பெண்கள் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவார்கள். அந்த ஊற்றில் கால் கழுவுவது, பாட்டிலைப் போடுவது, எட்டிப் பார்க்கிறேன் என்று விளிம்பை உடைப்பது எதுவும் வேண்டாம்.

7. பழைய ஊர்

கடைகள் வரிசையாகத் தெரியும் இடம் வந்ததும் வண்டியை நிறுத்திவிடுங்கள். புயலில் மாண்டவர்களுக்கான நினைவுச் சின்னம் இங்கே இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தாண்டி நேராகத் தேவாலயத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் அங்கேயே தொடங்குங்கள். ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.

பிறகு தேவாலயம். கூரை இல்லை. பலிபீடம் இருந்த பக்கத்துச் சுவரும் பக்கச் சுவர்களும் நிற்கின்றன. சுவரின் அருகே போய், தொடாமல் உற்றுப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் கல்லுக்குள் சின்னச் சின்ன நட்சத்திரங்களும் வரிகளும் வளையங்களும் தெரியும். இது முருகைக்கல், கடலுக்கடியில் பவள உயிர்கள் கட்டிய கல். மன்னார் வளைகுடாவிலிருந்து வெட்டியெடுத்து, சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருக்கிறார்கள். கடலிலிருந்து வந்த கல்லால் கட்டிய ஊரைக் கடலே திரும்ப எடுத்துக்கொண்டது.

சுவர் இன்னும் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. உப்பு ஈரம் கல்லின் துளைகளுக்குள் போகும். வெயிலில் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் படிகமாக வளரும். படிகம் வளர வளரக் கல் உள்ளிருந்து வெடிக்கும். நாம் சாய்வதும், ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும், பெயர் கிறுக்குவதும் அதை விரைவுபடுத்துகின்றன. கல் தலையில் விழும் ஆபத்தும் உண்டு. குழந்தைகளைச் சுவரோரம் விளையாட விடாதீர்கள். பலிபீடத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நகரும்வரை கேமராவைத் தாழ்த்தியே வைத்திருங்கள்.

அங்கிருந்து ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களுக்கும், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்களுக்கும் நடந்து போகலாம். எது தபால் நிலையம், எது பள்ளி என்று கடை வைத்திருக்கும் அக்காக்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களில் பலர் புயலில் தப்பியவர்களின் மக்கள், பேரப்பிள்ளைகள். அரசு கைவிட்ட ஊரை அவர்கள் விடவில்லை. மீன்பிடிப்பு இங்கே என்பதால் ஓலைக் குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள். ஊரைப் பற்றி, மீனைப் பற்றிக் கேளுங்கள், மனம் திறந்து பேசுவார்கள். "உங்க வீட்டில் எத்தனை பேர் செத்தாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதை இதுவரை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள். குடிசைக்குள் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படமெடுப்பதும் கூடாது. ஊர் முழுக்க இடிபாடு என்பதால் ஆள் வாழும் வீட்டையும் காட்சிப் பொருளாக எண்ணிவிடுகிறோம்.

பேய்க்கதை தேடி வருகிறவர்களுக்கு ஒன்று. "பேய் நகரம்" என்று வீடியோ போட்டு இந்த ஊரை விற்கிறார்கள். பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போது அவர்களுடைய வீட்டு வாசலில் நின்று அப்படிப் பேசுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

8. அரிச்சல்முனை

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பார்ப்பீர்கள். சாலை வட்டமாக முடியும், இரண்டு கடலும் கூடும், எதிரே தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். குளிக்க இறங்காதீர்கள். இரண்டு கடலின் இழுப்பும் சேரும் இடம், கால் வைத்த மணல் நொடியில் கரையும். போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை முன்பே அணைத்து வையுங்கள்.

மாசி, பங்குனியில் போனால் கரையில் வலையடைத்த சின்னத் தோட்டம் போல ஒன்றைக் காணலாம். பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்து வனத்துறை பொரிக்க வைக்கும் இடம் அது. காவலர் இருந்தால் தள்ளி நின்று கேளுங்கள்.

9. சாப்பாடு, வாங்குவது, வாங்கக் கூடாதது

பொரித்த மீன் கண் முன்னே பொரித்துத் தருவார்கள். விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாசிமணி, சிப்பி மாலை வாங்கினால் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம். ஆனால் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடற்குதிரை, கடல் அட்டை இவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். கரையில் தானாக ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டுக்கும் இது பொருந்தும். இடிபாட்டிலிருந்து ஒரு சில்லு கல் எடுப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்த பாட்டிலும் உறையும் உங்கள் பையிலேயே ராமேஸ்வரம் வரை வரட்டும்.

10. நேரம் மிஞ்சினால்

திரும்பி வந்தபின் இன்னும் ஒன்றிரண்டு சமாதிகளைப் பார்க்கலாம். ராமேஸ்வரம் ரயில் நிலையத்துக்கு அருகில் ஆபில் காபில் தர்கா இருக்கிறது. மிக நீளமான இரண்டு சமாதிகள். ஆதமின் பிள்ளைகள் இருவரும் இங்கே அடங்கியிருப்பதாக நம்பிக்கை. தலையை மூடிக்கொண்டு போங்கள். ஊருக்கு வெளியே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அடக்கமான இடம், 2017 ஜூலை 27 அன்று மணிமண்டபமாகத் திறக்கப்பட்டது. ராமநாதபுரம் பஸ் அதன் வழியேதான் போகும். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை.

போகும் வழியிலோ திரும்பும்போதோ காயம்பட்ட பறவையையோ, கரையொதுங்கிய ஆமையையோ கண்டால் கையால் தூக்க வேண்டாம், கடலுக்குள் தள்ளவும் வேண்டாம். நின்ற இடத்தை, பக்கத்தில் இருக்கும் ஏதாவது அடையாளத்தோடு போனில் படமெடுத்து, வரும் வழியில் இருக்கும் சோதனைச் சாவடியில் காட்டுங்கள். அவர்கள் வனத்துறைக்குச் சொல்லிவிடுவார்கள்.